கச்சத்தீவிலிருந்து தொடங்குவோம்: வெளியுறவு வரலாற்று ஆய்வுக்கு அரசு ஆவணங்களைத் தேடும் முறை

மதுரையில் முதுகலை வரலாறு படிக்கும் மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும்போது, கச்சத்தீவையோ இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் வரலாற்றையோ அடிக்கடி எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஏடு முழுவதும் செய்தித்தாள் நறுக்குகளும் மேடைப் பேச்சுகளுமாக நிரம்பி, அரசின் மூல ஆவணம் ஒன்றுகூட இல்லாமல் முடிந்துவிடுவதும் உண்டு. டெல்லிக்குப் போக வழியில்லை என்பது அதற்குச் சரியான காரணமாகாது. நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு கணினியின் முன் அமர்ந்தே முதல் மூன்று படிகளைக் கடந்துவிடலாம்.

முதல் படி: ஆவணத்தின் அலுவல் பெயரைக் கண்டறிதல்

நாம் வழங்கும் பெயரில் அரசு ஆவணம் இருக்காது. இதை அறியாமல் நான் தொடக்கத்தில் 'கச்சத்தீவு ஒப்பந்தம்' என்று தேடித் தேடி ஒரு வாரத்தை வீணாக்கினேன். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே 1974 ஜூன் 26 அன்று கொழும்பிலும் 28 அன்று புது டெல்லியிலும் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் தலைப்பில் தீவின் பெயரே கிடையாது. 'இரு நாடுகளுக்கும் இடைப்பட்ட வரலாற்று நீர்ப்பரப்பின் எல்லையும் தொடர்புடைய விவகாரங்களும்' என்ற பொருளில்தான் தலைப்பு அமைந்திருக்கிறது. இந்திய மீனவர்களும் பக்தர்களும் முன்போலவே அங்குச் சென்றுவரலாம் என்று கூறும் ஐந்தாம் பிரிவில்தான் தீவின் பெயரைப் பார்க்கிறோம். வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்திலுள்ள ஒப்பந்தத் தரவுத்தளத்தில் நாட்டின் பெயரையும் ஆண்டையும் மட்டும் கொடுத்துத் தேடினால் இத்தகைய ஆவணங்கள் எளிதில் அகப்படும்.

ஒப்பந்தம் கிடைத்ததும் அதனுடன் கடிதப் பரிமாற்றம் ஏதேனும் நடந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். 1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடா, வங்காள விரிகுடா எல்லை குறித்து மற்றோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு நாட்டின் மீனவர்கள் மற்ற நாட்டின் நீர்ப்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்ற வாசகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் எழுதிக்கொண்ட கடிதங்களில் இருக்கிறது. ஒப்பந்தத்தை மட்டும் படித்துவிட்டு எழுதுபவர் இந்த இடத்தில் தவறாமல் சறுக்குவார். அன்றைய இரு நாட்டுப் பிரதமர்களின் பெயரால் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் என்று நாம் சொல்வதுகூட 1964 அக்டோபர் 30 தேதியிட்ட கடிதப் பரிமாற்றமே. இலங்கையில் குடியுரிமையின்றி வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் அக்கடிதங்கள் கூறுகின்றன.

இரண்டாம் படி: பெயர் மாற்றங்களைப் பட்டியலிடுதல்

ஒரு தாளை எடுத்து, ஊர், நாடு ஆகியவற்றின் பழைய பெயர்களையும் ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் எழுதிக்கொள்ளுங்கள். 1972 மே மாதத்துக்கு முற்பட்ட கோப்புகளில் இலங்கை, 'சிலோன்' என்றே இருக்கும். கச்சத்தீவின் 'தீவு' ஓரிடத்தில் 'டி, ஐ, வி, யு' என்றும், வேறோரிடத்தில் 'டி, எச், ஈ, ஈ, வி, யு' என்றும் எழுதப்பட்டிருக்கும். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் செய்தியும் உண்டு: ராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910-இல்தான். அதற்கு முந்தைய ராமநாதபுரம் ஜமீன் தொடர்பான கடிதங்களை 'மதுரா' மாவட்ட ஆட்சியரின் ஆவணங்களில் தேட வேண்டும்.

மூன்றாம் படி: நாடாளுமன்ற விவாதங்கள்

நாடாளுமன்ற மின்னூலகத்தில் மக்களவை விவாதங்களை இலவசமாகப் படிக்கலாம். சொல்லைக் கொண்டு தேடுவதைவிட, நாளைக் கொண்டு தேடுவதே சிறந்தது. பழைய அச்சுப் பக்கங்களை ஸ்கேன் செய்திருப்பதால் எழுத்துகளைக் கணினி பிழையாகப் படித்திருக்கும். பயிற்சிக்காக ஐந்தாம் மக்களவையில் 1974 ஜூலை 23-ஆம் நாளைத் திறந்து பாருங்கள். அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் ஒப்பந்தம் குறித்து அறிக்கை அளித்தார். உசிலம்பட்டிப் பகுதியைச் சேர்ந்தவரும் ராமநாதபுரம் உறுப்பினருமான பி. கே. மூக்கையா தேவர் அதை எதிர்த்துப் பேசினார். உறுப்பினரின் பெயர் முதலெழுத்துகளாகச் சுருங்கி அச்சாகியிருக்கலாம் என்பதால் தொகுதியின் பெயரையும் கவனியுங்கள்.

நான்காம் படி: காப்பகங்களுக்குச் செல்லுதல்

இனிப் பயணம் தேவைப்படும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், வெளியுறவு முடிவுகள் நம் மாவட்டங்களில் எப்படி நடைமுறைக்கு வந்தன என்பதைக் காட்டும் அரசாணைகளைத் தேடலாம். தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வு குறித்துத் தேடுவோர் பொதுத் துறையின் அரசாணைகளிலிருந்து தொடங்கலாம். அரசாணையின் எண், நாள், துறை ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு போனால் பணியாளர்களால் விரைவில் எடுத்துத் தர முடியும். நெறியாளரின் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு, கோப்புகளின் பட்டியலை வீட்டிலிருந்தே பார்க்கலாம். கோப்பு கிடைத்தால் நடப்புக் கோப்பிலுள்ள கடிதங்களோடு நின்றுவிடாமல், அதிகாரிகள் தமக்குள் எழுதிக்கொண்ட கருத்துகள் அடங்கிய குறிப்புக் கோப்பையும் படியுங்கள். கடிதம் முடிவை மட்டுமே சொல்லும். அதிகாரிகள் ஒருவரையொருவர் மறுத்து எழுதியதெல்லாம் குறிப்பில்தான் கிடைக்கும். இன்னும் அமைச்சகத்திலேயே இருக்கும் கோப்புக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். ஆனால் அயல்நாட்டு உறவைப் பாதிக்கும் தகவலுக்கு 8(1)(அ) பிரிவு விலக்கு அளிக்கிறது. 20 ஆண்டு கடந்தாலும் அந்த விலக்கு தானாக நீங்குவதில்லை. ஆகவே 'கோப்பு முழுவதும்' என்று கேட்காமல் குறிப்பிட்ட நாளையும் கடிதத்தையும் சுட்டிக் கேட்பதே நல்லது.

ஐந்தாம் படி: எதிர்த்தரப்பின் ஆவணங்கள்

நம் பக்கம் மூடியிருக்கும் ஆவணத்தின் மறுபாதி வெளிநாட்டில் திறந்திருப்பதுண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை 1861 முதல் வெளியிட்டுவரும் ஆவணத் தொகுதிகள் இணையத்தில் முழுமையாகப் படிக்கக் கிடைக்கின்றன. 1971 இந்திய–பாகிஸ்தான் போர் பற்றி எழுதுவோர் 1969–1976 வரிசையின் 11-ஆம் தொகுதியைத் தவிர்க்க இயலாது. லண்டன் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில், அந்நாட்டு வெளியுறவு அலுவலகத்தின் தெற்காசியத் துறைக் கோப்புகள் 'எஃப்.சி.ஓ. 37' என்ற வரிசையில் உள்ளன. பட்டியலைப் பார்க்கக் கட்டணமில்லை. பெரும்பாலான கோப்புகள் ஸ்கேன் செய்யப்படாததால் நகலுக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கும். பிரிட்டிஷ் தூதர் தம் அரசுக்கு எழுதியது அவர் கண்ட கோணமே என்பதால், அதை டெல்லியின் முடிவுக்குச் சான்றாகக் காட்டக் கூடாது.

எந்தக் காப்பகமானாலும், படமெடுக்க அனுமதி கிடைத்ததும் முதல் படமாகக் கோப்பின் மேலட்டையை எடுங்கள். துறை, கோப்பு எண், ஆண்டு மூன்றும் அதில் தெளிவாகத் தெரிகின்றனவா என்று அங்கேயே பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே உள்ளே இருக்கும் தாளைப் புரட்டுங்கள்.