கிராபிக்ஸ் கார்டு இல்லாத பட்ஜெட் டெஸ்க்டாப்: பாகங்களைப் பார்த்து வாங்குவது எப்படி?

படிப்பு, பில்லிங், வீடியோ பார்ப்பது, லேசான கேம்கள் ஆகியவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அதற்கு பதிலாக, கிராபிக்ஸ் உள்ளடங்கிய புராசஸரை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற பாகங்களை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம்.

1. புராசஸர்
ரைசன் 5 5600ஜி (6 கோர், 12 த்ரெட், 65 வாட்) அல்லது இன்டெல் ஐ3-12100. கேம் ஆட 5600ஜி மேல். அலுவலக வேலைக்கு ஐ3 தாராளம். பெயரின் கடைசி எழுத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 12100எஃப் விலை குறைவு, ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. ‘ஜி’ இல்லாத 5600, 5600எக்ஸ் இரண்டும் அப்படித்தான். ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. பெட்டியில்லாத டிரே பீஸ் வாங்கினால் கூலர் (புராசஸரைக் குளிர்விக்கும் ஃபேன்) தனியாக வாங்க வேண்டும்.

2. மதர்போர்டு
5600ஜிக்கு ஏ520 வகை போர்டே போதும். 2021-க்கு முன் தயாரான ஸ்டாக் என்றால் பயாஸ் (போர்டை இயக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். இல்லாவிட்டால் புராசஸரை அது அடையாளம் காணாது. ஐ3-க்கு எச்610. அதில் டிடிஆர்4, டிடிஆர்5 என ரேம் தலைமுறையைப் பொறுத்து இரண்டு வகை உண்டு, ஒன்றின் ரேம் மற்றொன்றில் உட்காராது.

3. ரேம்
16 ஜிபி ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். உள்ளடங்கிய கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. டிடிஆர்4-3200 ஒரு குச்சி நொடிக்கு 25.6 ஜிபி வரை தரும். இரண்டு சேர்ந்தால் 51.2 ஜிபி. கேமில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் புராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-இல் செருகுங்கள்.

4. எஸ்எஸ்டி
500 ஜிபி எம்.2 (போர்டிலேயே செருகும் சிறு பட்டை வடிவம்) என்விஎம்இ (வேகமான இணைப்பு வகை). எம்.2 வடிவத்திலேயே வேகம் குறைந்த சாட்டா வகையும் விற்கிறது. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் அது வேலை செய்யாது.

5. எஸ்எம்பிஎஸ்
எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி இது. இங்கே மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’டை நம்பி வாங்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12வி கட்டத்தைப் பாருங்கள். அங்கே 16ஏ (ஆம்பியர்) என்றிருந்தால் 12 × 16 = 192 வாட்தான். உண்மையான 450 வாட்டில் 36ஏ அளவில் இருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான தரச்சான்று) முத்திரையும் 4+4 பின் புராசஸர் கேபிளும் இருக்க வேண்டும். தரமற்றது பழுதாகும்போது போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்தே பலி வாங்கிவிடலாம்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் நம்பர் எழுதிய பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. பொருத்துமுன் சோதனை
கேபினட்டில் ஏற்றுவதற்கு முன், போர்டின் அட்டைப்பெட்டி மேலேயே புராசஸர், கூலர், ரேம் பொருத்தி ஓட்டிப் பாருங்கள். போர்டுக்கான 24 பின் கேபிளைச் செருகிவிட்டு புராசஸருக்கான 8 பின்னை (மேலே சொன்ன 4+4) மறப்பதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. மானிட்டர் கேபிள் போர்டின் எச்டிஎம்ஐயில் இருக்கட்டும். படம் வந்ததும் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பு) இயக்குங்கள். அதைச் செய்யாவிட்டால் 3200 என்று வாங்கிய ரேம் பல போர்டுகளில் 2400 அல்லது 2666 வேகத்திலேயே ஓடும்.