பாட்டைப் பார்த்து ஹெட்போன் வாங்குவது எப்படி?

நான் முதன்முதலில் கொஞ்சம் செலவு செய்து வாங்கிய ஹெட்போனின் பெட்டியில் 'பேஸ்' (தாழ்ந்த, அதிரும் ஒலி) என்ற சொல் மூன்று இடங்களில் அச்சாகியிருந்தது. வீட்டுக்கு வந்த கையோடு ஒரு கர்நாடகக் கச்சேரியைப் போட்டேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒவ்வொரு தட்டுக்கும் 'தொம்' என்று காதுக்குள் வந்து உட்கார்ந்தது. பாடகரோ பக்கத்து அறையில் உட்கார்ந்து பாடுவது போலிருந்தது. வயலின் இருந்ததா என்றே தெரியவில்லை. விடுமுறைக்கு வந்த தம்பி அதைக் கல்லூரி விடுதிக்கு எடுத்துப்போனான். கானாவும் குத்துப்பாட்டும் கேட்பவன். இன்றுவரை திருப்பித் தரவில்லை. அவனைப் பொறுத்தவரை அது அருமையான ஹெட்போன்.

ஹெட்போன் கெட்டதில்லை, ஆள்தான் மாறிவிட்டது. அந்தத் தவற்றைத் தவிர்க்கும் வழி இது.

படி 1: உண்மையில் என்ன கேட்கிறீர்கள் என்று பாருங்கள்

மனத்தில் இருப்பதை நம்பாதீர்கள். கைபேசியில் கடந்த ஒரு மாதம் கேட்ட பாடல்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். என்னை நான் கச்சேரி ரசிகன் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டியலில் பாதிக்கு மேல் எண்பதுகளின் திரைப்பாடல்கள்.

அதிலிருந்து மூன்று பாடல்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடைய மூன்று: ஓர் ஆலாபனையின் தொடக்கத்தில் தம்புரா மட்டும் ஒலிக்கும் சில நொடிகள், ஒரு திரைப்பாடலின் இடையிசையில் வயலின் கூட்டமும் பேஸ் கிட்டாரும் எதிரெதிரே ஓடும் இடம், நாகஸ்வரம் மேல் ஸ்தாயியில் நிற்கும் ஓரிடம்.

படி 2: எந்த ஒலி எங்கே இருக்கிறது?

ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே ஹெர்ட்ஸ்; எண் கூடக் கூட ஒலி மேலே போகும். மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் மத்திய ஸட்ஜம், அதாவது அவர் பாட்டுக்கு ஆதாரமான நடு 'ஸ', சுமார் 131 ஹெர்ட்ஸ். (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு.) அவருடைய தம்புராவின் மந்தரத் தந்தி, அதாவது மிகத் தாழ்ந்து ஒலிப்பது, அதில் பாதி, 65 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். ஆக, கச்சேரிக்கு 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக வேலையில்லை. அங்கே பிய்த்து உதறும் ஹெட்போனுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். இன்றைய பாடல்களின் மின்னணு பேஸ் அதற்கும் கீழே போகக்கூடியது. குத்துப்பாட்டுக்கும் ஹிப்ஹாப்புக்கும் இந்த ஆழம்தான் உயிர்.

எதிர்ப்பக்கம், 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை நம் காது மிகக் கூர்மையாக இருக்கும். பாட்டின் சொற்கள் தெளிவதும் இங்கேதான், நாகஸ்வரம் குத்துவதும் இங்கேதான். இந்த இடத்தில் துருத்திக்கொண்டிருக்கும் ஹெட்போனில் கல்யாண மேளம் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. இன்னும் மேலே, 'ஸ' என்ற எழுத்து சீறும் பகுதி. பெண் குரல்களை அதிகம் கேட்பவர்கள் அதையும் கவனிக்க வேண்டும்.

படி 3: திறந்ததா, மூடியதா, காதுக்குள்ளா?

கிண்ணத்தின் வெளிப்பக்கம் சல்லடை போலிருந்தால் அது திறந்த வகை. ஒலி தலைக்குள் முட்டாமல் சற்று வெளியே விரிந்து நிற்கும். கச்சேரி, வீணை, கஜல், மேற்கத்திய செவ்வியல் எல்லாவற்றுக்கும் என் ஓட்டு இதற்கே. 1997-இல் வந்து இன்றும் விற்பனையில் இருக்கும் சென்ஹெய்சர் எச்டி 600 இந்த வகைதான். ஒரே சங்கடம், நீங்கள் கேட்பதைப் பக்கத்தில் தூங்குபவரும் கேட்பார்.

பஸ், ரயில், அலுவலகம் என்றால் மூடிய வகை, அல்லது காதுக்குள் செருகும் இயர்போன். கானா, மின்னணு இசை, ஹிப்ஹாப் ரசிகர்களுக்கும் இவையே பொருந்தும். காற்று கசியாமல் அடைபட்டால்தான் ஆழமான பேஸ் நிற்கும்.

எண்பதுகளின் திரைப்பாடல்தான் கொஞ்சம் சிக்கல். அந்தப் பாடல்களில் பேஸ் கிட்டார் வெறும் தாளத்துக்காக இருப்பதில்லை. அதுவே தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். பேஸ் அதிகமாக உள்ள ஹெட்போனில் அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிடும். இங்கே தேவை அளவான, ஆனால் சுத்தமான பேஸ். பேஸ் கிட்டாரின் வரியை மட்டும் வாயால் முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த ஹெட்போன் தேறிவிட்டது.

படி 4: உங்கள் கைபேசி அதை இயக்குமா?

பெட்டியில் 'ஓம்' என்ற அளவு இருக்கும், ஹெட்போனின் மின்தடையைச் சொல்வது. 16 அல்லது 32 என்றால் பெரும்பாலும் கவலையில்லை. மேலே சொன்ன எச்டி 600 போல 300 என்றால் தனி ஆம்ப்ளிஃபயர் (ஒலிபெருக்கும் கருவி) இல்லாமல் சோகையாக ஒலிக்கலாம். புளூடூத் வாங்குபவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம், ஆம்ப்ளிஃபயர் அதற்குள்ளேயே இருக்கிறது.

படி 5: கடையில்

கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்காதீர்கள். அந்த ஹெட்போன் எதில் நன்றாக ஒலிக்குமோ அதைத்தான் அவர் போடுவார். உங்கள் மூன்று பாடல்களையும் கைபேசியில் முன்பே இறக்கி வைத்துக்கொண்டு போங்கள்.

இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இருக்கட்டும். கொஞ்சம் உரக்க ஒலிப்பதே நல்லது என்று காது ஏமாறும். நான் தம்புரா நொடிகளிலிருந்துதான் தொடங்குவேன். நல்ல ஹெட்போனில் மீட்டிய தந்தியின் மேல், அதற்கு அடியில் செருகியிருக்கும் ஜீவா நூல் எழுப்பும் மெல்லிய இழைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து மலர்வது கேட்கும். சுமாரானதில் சுருதிப் பெட்டியின் ரீங்காரம் மாதிரி ஏதோ ஒன்று கேட்கும், அவ்வளவுதான்.

இயர்போன் என்றால், காதில் மாட்டிய பிறகு விரலால் லேசாக அழுத்துங்கள். பேஸ் சட்டென்று பொங்கினால் ரப்பர் முனை உங்கள் காதுக்குச் சிறியது. பெரியதைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். 'பேஸே இல்லை' என்று திருப்பி அனுப்பப்படும் இயர்போன்களில் பல இதற்காகவே திரும்பியிருக்கும் என்பது என் சந்தேகம். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே மாட்டிப் பாருங்கள், அதன் காம்பு வழியாகவும் ஒலி கசியும். தோல் போன்ற மெத்தை மே மாத வெயிலில் காதை அவித்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

படி 6: வாங்கிய பிறகு

ஏதோ ஒன்று உறுத்தினால் உடனே விற்கக் கிளம்பாமல் கைபேசியில் ஈக்வலைசரைத் திறவுங்கள், ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது அது. பிடித்ததைக் கூட்டுவதைவிட, உறுத்துவதைக் குறையுங்கள். ஒலியளவில் மட்டும் பேராசை வேண்டாம்: பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் வரம்பு.

போன பொங்கலுக்குத் தம்பி வந்தபோது அந்தப் பழைய ஹெட்போனை ஒரு மாலை மட்டும் கடன் வாங்கினேன். 200 ஹெர்ட்ஸும் அதற்குக் கீழுமாக 4 டெசிபல் குறைத்துவிட்டு அதே கச்சேரியைப் போட்டேன். பாடகர் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வாசற்படி வரை வந்துவிட்டார். வயலினும் இருந்தது.