சந்தையில் வடகம் விற்கப் போகிறீர்களா?

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் வாரச்சந்தையில் வீட்டு வடகம், மோர் மிளகாய், இட்லிப் பொடி விற்க நினைப்பவர்கள் முதல் வாரம் சரக்கே கொண்டுபோக வேண்டாம். வெறும் கையோடு போய் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்த இடத்தில் பத்து மணிக்கே வெயில் ஏறுகிறது, தரை வாடகை எவ்வளவு என்பதைக் கடை போட்டிருக்கும் அக்காமாரிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். 1999-இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தை வேறு. அது அடையாள அட்டை உள்ள விவசாயிகளுக்கானது.

பாக்கெட் சின்னதாக இருக்கட்டும். பழகாத கைப்பக்குவத்தை நம்பி யாரும் எடுத்த எடுப்பில் அரைக் கிலோ வாங்குவதில்லை. 100 கிராம் போதும். விலையும் 30, 50 என்று சில்லறைக்கு அலையாதபடி வையுங்கள். காலையில் பொரித்த வடகத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்துப்போய் ஆளுக்கு ஒன்று கொடுங்கள். கடித்ததும் மொறுமொறுவென்று இருக்க வேண்டும். நமுத்துப்போனால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், வந்தவர் அடுத்த வாரம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

தின்பண்டத்துக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். சிறு அளவில் செய்வோருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பதிவின் 14 இலக்க எண், எடை, விலை, செய்த தேதி, எத்தனை நாள் தாங்கும், உங்கள் முகவரி எல்லாம் லேபிளில் இருக்கட்டும்.

பிளாஸ்டிக் தூக்குப் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை. கொஞ்சம் மஞ்சப்பையும் காகிதப் பையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.