பழைய பேண்டின் புது ஆல்பத்தை எடைபோடுவது எப்படி?

முதல் வேலை, அவர்களுடைய 'கிளாசிக்' ஆல்பத்தை மறப்பது. பிரிட்டிஷ் ராக் பேண்டான 'தி க்யூர்' 2024 நவம்பரில் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' வெளியிட்டதும் ஆளாளுக்கு 1989-இல் வந்த 'டிஸின்டக்ரேஷ'னை இழுத்தார்கள். நான் அதைத் தொடவில்லை. இதற்கு நேர் முந்தைய ஆல்பம் 2008-இல் வந்த '4:13 ட்ரீம்'. அதைக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள்; பதினாறு வருடத்தில் என்ன மாறியது என்பது உடனே பிடிபடும்.

போன் ஸ்பீக்கர் உதவாது, ஹெட்போன் மாட்டுங்கள். சைமன் கேலப்பின் பேஸ் கிடார் கேட்காவிட்டால் பாதி ஆல்பம் போச்சு.

'அலோன்' பாட்டில் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. தள்ளிவிடாதீர்கள். அந்த நேரத்தில் டிரம்ஸ் எவ்வளவு நிதானமாக விழுகிறது, கீபோர்டு எப்படி மேலே மேலே அடுக்கப்படுகிறது என்று கவனியுங்கள். வெறும் நீட்டலா, கட்டியெழுப்பலா என்று அங்கேயே தெரிந்துவிடும். எனக்கு இது இரண்டாவது ரகம்.

அடுத்து வரிகள். அறுபதைத் தாண்டியவர் இருபது வயதுச் சோகத்தையே பாடினால் எனக்கு ஒட்டாது. 'ஐ கேன் நெவர் சே குட்பை' ஸ்மித்தின் அண்ணனின் மரணத்தைப் பற்றியது. அங்கே நடிப்பே இல்லை.

மொத்தம் எட்டே பாட்டு. மூத்த பேண்டுகள் பதினான்கு பாட்டைத் திணிக்கும் காலத்தில் இதற்கே தனி மார்க் தரலாம். 'ட்ரோன்:நோட்ரோன்' கிடாரின் இரைச்சலுக்கு அதில் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.