நாளிதழ் இரவைப் படமாக்க: கடைசி வேனிலிருந்து தொடங்குங்கள்

பத்திரிகை அலுவலகக் கதை என்றாலே ஆசிரியர் கத்துவார், நிருபர் ஓடுவார் என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் டெட்லைன் நெருங்க நெருங்க டெஸ்க் (செய்திகளைத் திருத்திப் பக்கம் கட்டும் பிரிவு) அமைதியாகிவிடும். கீபோர்டு சத்தம்தான் கேட்கும். கத்த நேரம் ஏது?

அதனால் வசனத்துக்கு முன் நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். உங்கள் கதையில் கடைசி வேன் 2 மணிக்குக் கிளம்ப வேண்டும், 60,000 பிரதி, இயந்திரம் மணிக்கு 30,000 ஓடும். அச்சுக்கே 2 மணி நேரம் போய்விட்டது. கடைசிப் பண்டலைக் கட்டி ஏற்ற 15 நிமிடம், பிளேட் (பக்கத்தின் உருவம் பதிந்த அச்சுத் தகடு) எடுத்து இயந்திரத்தில் மாட்ட 30 நிமிடம். ஆக, முதல் பக்கம் 11.15-க்குக் கைமாறியாக வேண்டும். 10 நிமிடம் தாமதமானால் 5,000 பிரதி குறையும். இது பார்வையாளருக்குப் புரிந்துவிட்டால், அச்சுக்கூடத்திலிருந்து "பக்கம் என்ன சார் ஆச்சு?" என்று ஒரு குரல் வந்தாலே வயிறு கலங்கும்.

பெரிய செய்தி 11.05-க்கு வரட்டும். இனி சண்டை இடத்துக்குத்தான். விளம்பரத்தைத் தொட முடியாது. ஒருவர் பல நாள் அலைந்து எழுதியது ஒற்றைப் பத்தியாகச் சுருங்கும், அல்லது தூக்கப்படும். 'தொடர்ச்சி 7-ம் பக்கம்' என்று தப்பிக்கலாமா? 7-ம் பக்கத்தின் பிளேட் ஏற்கெனவே போயிருந்தால் அந்தக் கதவும் மூடியாயிற்று. திரைக்கதையில் இதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். வண்ணப் பக்கத்துக்கு நான்கு பிளேட்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. கறுப்பு எழுத்தில் பிழை என்றால் ஒரே பிளேட்டை மாற்றினால் போதும்; வண்ணப் படம் மாறினால் நான்கும். இரவு ஆசிரியர் "படம் வேண்டாம், தலைப்பை மட்டும் மாத்து" என்பது இதனால்தான்.

பிளேட்டுக்கு குளோஸப் வைத்தால் கவனம்: ஆஃப்செட் பிளேட்டில் எழுத்து நேராகத்தான் இருக்கும். பிளேட்டுக்கும் காகிதத்துக்கும் நடுவே உள்ள ரப்பர் பிளாங்கெட் (உருளையில் சுற்றிய ரப்பர் விரிப்பு) அதைத் திருப்பி வாங்கிக் காகிதத்தில் நேராக்கிவிடும். கண்ணாடிப் பிம்பம் போலத் தலைகீழாகக் காட்டினால் அது பழைய அச்சுக்கோப்புக் காலத்துப் படம்.

டியூப் லைட் மினுக்காமல் இருக்க, மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் கேமரா ஷட்டர் 1/50 விநாடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60. ஓடும் இயந்திரத்தின் அருகே வசனம் பதிய முயலாதீர்கள். ஊமையாக எடுத்து, இயந்திரச் சத்தத்தைத் தனியே பதியுங்கள். கிளம்புமுன் அடிக்கும் எச்சரிக்கை மணியையும் சேர்த்து. நடிகர்கள் உருளைப் பக்கம் துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டையோடு போகக் கூடாது.

முதலில் வரும் சில நூறு பிரதிகள் கழிவுதான். வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் முகத்துக்கு இரட்டை உதடு இருக்கும். நாயகன் கையில் முதல் பிரதியே பளிச்சென்று இருந்தால் கதை அங்கே பொய்த்துவிடும். செய்தித்தாள் மை சட்டென்று காயாது. அவன் கட்டைவிரலில் ஒட்டிய கறுப்பு அடுத்த காட்சியிலும் இருக்கிறதா என்று உதவி இயக்குநரைப் பார்க்கச் சொல்லுங்கள்.