ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் எந்த டாக்டரைப் பார்ப்பது?

மூச்சு வாங்கிப் பேசவே முடியவில்லை, உதடு நீலமாகிறது, இன்ஹேலர் எடுத்தும் அடங்கவில்லை என்றால் எந்த நிபுணரையும் தேட வேண்டாம். நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள். அந்த நிலை இல்லையென்றால் நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

படி 1: இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

இருமல் எப்போது வந்தது, அப்போது எங்கே இருந்தீர்கள், இரவில் எத்தனை முறை விழித்தீர்கள், உடனடி நிவாரண இன்ஹேலரை எத்தனை தடவை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ஆஸ்துமா வந்து வந்து போகும். டாக்டர் முன்னால் உட்காரும்போது மூச்சு சீராகவே இருக்கலாம். அப்போது இந்தக் குறிப்புதான் உங்களுக்காகப் பேசும்.

படி 2: தொல்லை எங்கே அதிகம்?

வீசிங், நெஞ்சு இறுக்கம், இரவு இருமல் என்றால் நுரையீரல் நிபுணர். தும்மல், கண் அரிப்பு, குறிப்பிட்ட உணவு சாப்பிட்டால் தடிப்பு என்றால் அலர்ஜி நிபுணர். மூக்கடைப்பு தீரவே இல்லை, வாசனையும் தெரியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை நிபுணர். குழந்தைக்கு என்றால் குழந்தை நல மருத்துவரிடம் தொடங்குங்கள். மூக்கிலும் நெஞ்சிலும் சேர்ந்தே தொல்லை இருந்தால் இரண்டையும் சொல்லுங்கள். மூக்கு அலர்ஜியைக் கவனிக்காமல் விட்டால் ஆஸ்துமாவும் சரியாக அடங்காது.

படி 3: பரிசோதனை வசதியை விசாரியுங்கள்

நுரையீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று ஊதவைத்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு முறை ஊதச் சொல்லி, மருந்து கொடுத்து, சற்று நேரம் கழித்து மறுபடி ஊத வைப்பார்கள். தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் அலர்ஜி டெஸ்ட் என்றால் 15 முதல் 20 நிமிடத்தில் முடிவு தெரியும். ஆனால் செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எத்தனை நாள் என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம், ஐஜிஜி (IgG) என்ற எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையை வைத்து நீளமான உணவுத் தடைப்பட்டியல் தருபவர்களிடம் போகாதீர்கள். அது அலர்ஜியைக் காட்டும் சோதனையே அல்ல.

படி 4: முதல் சந்திப்பில் கவனியுங்கள்

நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இன்ஹேலரை எப்படி எடுக்கிறீர்கள் என்று டாக்டர் செய்துகாட்டச் சொன்னாரா? எடுக்கும் முறை தவறாக இருந்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். அது தெரியாமல் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது மிகவும் வருத்தமான விஷயம். திடீரென்று மோசமானால் என்ன செய்வது என்று எழுதித் தருகிறாரா என்றும் பாருங்கள். அலர்ஜி தரும் பொருளுக்கு உடலைப் பழக்கும் அலர்ஜி ஊசி போடலாம் என்றால், அது பொதுவாக 3 முதல் 5 வருடம் தொடர வேண்டிய சிகிச்சை என்பதை அவர் முதலிலேயே சொல்ல வேண்டும்.

போகும்போது வீட்டில் இருக்கும் இன்ஹேலர், மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.