தோழமைக் கட்சிக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்பது எப்படி

2021-ல் வேளச்சேரித் தொகுதி காங்கிரசுக்குப் போகிறது என்று தெரிந்த ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. 2016-ல் உதயசூரியன் ஜெயித்த தொகுதி. நான் இங்கேதான் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறேன், தி.மு.க.வின் பாக முகவரும்கூட, அதாவது ஒரு வாக்குச்சாவடிக்குக் கட்சி சார்பில் பொறுப்பாக இருக்கிற ஆள். துணி வாங்கப் போகிற வீடுகளிலேயே போய் இப்போது 'கை'க்குக் கேட்க வேண்டும். கேட்டோம், கை ஜெயித்தது. புதிதாகப் பாக முகவர் ஆகிற தம்பி, தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன்.

உங்கள் வருத்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். "மேலிடம் குடுத்துட்டாங்க, என்னா பண்றது" என்று வாசலில் நின்று இழுத்தால் அந்த ஓட்டு போச்சு. தோழமைக் கட்சிக்காரர் ஒருவரையாவது கூடவே அழைத்துப் போங்கள். தெரு உங்களுக்குத் தெரியும், வேட்பாளரை அவருக்குத் தெரியும்.

பெரிய வேலை சின்னம்தான். அண்ணா காலத்திலிருந்து சூரியனுக்கே போட்டுப் பழகிய ஆயா ஒருத்தி எங்கள் தெருவில் உண்டு. "இந்தத் தடவை கைதான் ஆயா நம்ம சின்னம்" என்றேன். "நம்ம சின்னம்னா சூரியன்தானப்பா, அத எங்க காணோம்?" என்றது. மூன்று நாள் அதே கேள்வி. நாலாம் நாள் மாதிரி ஓட்டுச்சீட்டை இஸ்திரிப் பலகைமேல் விரித்து, ஆயாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வந்தேன். கைப் படம் வந்ததும் நிறுத்தி, பக்கத்துப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். பத்துத் தடவை. பதினோராவது தடவை விரல் தானாகவே அங்கே போய் நின்றது. வயதானவர்களுக்கு வாயால் சொன்னால் போதாது, விரலுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பழசைக் கிளறுவார்கள். "1976-ல் நம்ம ஆட்சியைக் கலைச்சவங்களுக்கா கேக்குற?" என்பார்கள். மழுப்பாதீர்கள். ஆமாம், கலைத்தார்கள், 1980-ல் கலைஞரே அவர்களோடு கூட்டணி வைத்தார். அப்பன் தொழிலையே பிள்ளை கற்க வைக்கிறது என்று சொல்லி, குலக்கல்வித் திட்டத்துக்காக நாம் எதிர்த்த ராஜாஜிதான் 1967-ல் நம் பக்கம் நின்றார். "வாஜ்பாய் மந்திரிசபையில இருந்தீங்களே" என்று பாய் வீட்டில் கேட்டால் அதற்கும் ஆமாம்தான். 1999-ல் சேர்ந்தோம், 2003 டிசம்பரில் வெளியே வந்தோம். உண்மையைச் சொன்னவனை மறுபடியும் வீட்டுக்குள் விடுவார்கள்.

நேற்று எதிரில் நின்றவர் இன்று தோழமை ஆகிறார். இதனால்தான் சொல்கிறேன், எதிர்க்கட்சியைத் திட்டி ஓட்டுக் கேட்காதீர்கள். எம்.ஜி.ஆர். படம் மாட்டியிருக்கும் வீட்டில் அவரைப் பற்றி ஒரு சொல் தப்பாக வந்தால் காலத்துக்கும் அந்தக் கதவு திறக்காது. விலைவாசி, ரேஷன், மழைத் தண்ணீர் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள். என் பூத்தில் இரட்டை இலைக்கு உட்காரும் அண்ணன் என் வண்டியில்தான் வேட்டி தேய்க்கக் கொடுப்பார். நாள் முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஓட்டுக்கு ஓட்டு மல்லுக்கட்டுவோம். மத்தியானம் அவர் கொண்டுவந்த தண்ணீரைத்தான் நானும் குடிப்பேன்.

"காங்கிரஸ்காரங்க ஜெயிச்சா மந்திரி பதவி கேப்பாங்களாமே" என்றும் கேட்பார்கள். கேட்டால் என்ன? 2004-ல் 16 எம்.பி.க்களோடு டில்லிக்குப் போன நாம் பங்கு கேட்டுத்தான் வாங்கினோம். கப்பல், தொலைத்தொடர்பெல்லாம் நம்மிடம் இருந்தன. தமிழ் செம்மொழியானதும் அதே ஆண்டுதான். டில்லியில் நியாயமாக இருந்தது கோட்டையில் மட்டும் எப்படித் தப்பாகும்? 2006-ல் நமக்கு 96 இடம், வேண்டியது 118. காங்கிரசின் 34 பேரும் மற்றத் தோழமைக் கட்சிகளும் வெளியே நின்று தாங்கினார்கள். 'மைனாரிட்டி ஆட்சி' என்று எதிர்த்தரப்பு சொல்லாத நாளில்லை. ஆட்சி ஐந்து வருஷமும் நின்றது. கிலோ அரிசி இரண்டு ரூபாய்க்கும் பிறகு ஒரு ரூபாய்க்கும் வந்தது அப்போதுதான். தாங்கியவர்களுக்கு அன்றைக்கே இரண்டு நாற்காலி போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். கட்சிக்குள் பலருக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்வேன்.

வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. அதனால் கடைசியாகச் சொல்ல வேண்டியதை வீட்டு வாசலிலேயே சொல்லி அனுப்புங்கள்: பொத்தானை அழுத்தினதும் பக்கத்து மெஷின் கண்ணாடியில் சீட்டு ஏழு வினாடி தெரியும், அதில் கையைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.